உன்னைத் தொடாத எட்டு வருஷம்

இன்று காலை செல்வம் வீட்டுக்கு வந்திருந்தான். உனக்கு அவனைத் தெரியும். சிப்காட்டில் என்னோடு பாய்லரில் வேலை பார்ப்பவன், நம் கல்யாணப் பந்தியில் மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கியவன். ஆடி மாசம் அவனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆள் பாதியாகிவிட்டான். கையில் ஒரு மஞ்சள் பை. அதை அவன் திறந்ததும் புதுத் துளசி மாலையும் சந்தனமும் சேர்ந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"மச்சான், நீதான் இத என் கழுத்துல போட்டுவுடணும்" என்றான். "எங்கம்மா சொல்லிட்டாங்க. ஹார்ட்டு நோவு வந்த வூட்ல புருஷன் பொண்டாட்டி எப்டி இருக்கணும்னு உன்னப் பாத்துக் கத்துக்கணுமாம். எட்டு வருஷம் அந்தப் பொண்ண வெரல் படாம வச்சிருந்தியாமே. எங்க தெரு முழுக்க அதான் பேச்சு."

அவன் பெண்டாட்டி உள்ளே வரவில்லை. வாசலில் வண்டிப் பக்கத்தில் நின்று, சீட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"இதெல்லாம் எப்டி மச்சான் கேக்கறது? அசிங்கமா இருக்காது?"

"அப்ப நான் போடமாட்டேன். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போயி டாக்டர் எதிர்ல ரெண்டு பேரும் ஒக்காந்து கேளு. அதுக்கப்புறம் மால போடணும்னு தோணுச்சுன்னா ஊர்ல ஆயிரம் குருசாமி இருக்காங்க."

"உனக்குத் திமிரு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஏன் போடமாட்டேன் என்கிற காரணத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கம்போல விழுங்கிவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடமாவது எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, அது உன் இதயத்தில் ஒரு வால்வைத் தின்றுகொண்டே இருந்தது நம் யாருக்கும் தெரியாது. நம் பாப்பாவுக்கு நாலு வயதாகும்போது, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நாய்க்குட்டி மாதிரி மூச்சிரைத்தாய். "சோறு தின்னு ஒடம்பு பெருத்துடுச்சு" என்றாள் என் அம்மா. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். டாக்டர் மேஜையில் ஒரு மாதிரி வால்வு இருந்தது, மோதிரம் அளவுக்கு, உள்ளே இரண்டு சின்னத் தகடு. அதை நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நான்-ரிட்டர்ன் வால்வுங்க சார், போனது திரும்பி வராது, எங்க லைன்ல பெருசா இருக்கும்" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். நீ அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தாய். "சார், எங்க மாமாகிட்டயே ஸ்பேனர் குடுத்துடுங்க, செலவு மிச்சம்" என்றாய். டாக்டரும் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு வந்த முதல் நாள், "இந்த நர்சம்மா வாச்சு என்னா இப்டி சத்தம் போடுது" என்று கேட்டாய். வாட்ச் இல்லை, நீதான். உன் நெஞ்சுக்குள் அந்தத் தகடுகள் மூடித் திறக்கிற சத்தம். பாப்பா உன் மேல் காது வைத்துக் கேட்டுவிட்டு வார்டு முழுக்கப் போய், "எங்கம்மா உள்ள கடிகாரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எல்லாருக்கும் அது வேடிக்கை. எனக்கு மட்டும் அது வேலை நேரத்துச் சத்தம். பாய்லரில் இருபது வருஷம் நின்றவனுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் அடுத்து என்ன ஆகும் என்றுதான் புத்தி போகும். லோடு ஏறினால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் வால்வு அடித்துக்கொள்ளும். மனுஷ நெஞ்சையும் நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மா முதல் வேலையாக என் தலையணையையும் பாயையும் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். "நெஞ்சப் பொளந்து வச்சிருக்கு. பச்ச ஒடம்பு. ஆம்பள மூச்சுக் காத்துகூடப் படக்கூடாது" என்று சத்தமாக, முதுநகரில் பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். உள்ளே உன் பக்கத்தில் அவளே படுத்துக்கொண்டாள். இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. உப்பு எவ்வளவு, கீரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வாங்கி வந்தோம். அதை மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பாப்பாவை அழைத்துக்கொண்டு திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தாள். நீ வந்து கூடத்தில் என் பக்கத்தில் படுத்தாய். "எலும்புல்லாம் கூடிடுச்சாம் மாமா, டாக்டர் சொல்லிட்டாரு" என்று என் கையை எடுத்து உன் மேல் வைத்துக்கொண்டாய். எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் உன் மூச்சு ஏற ஏற அந்தச் சத்தமும் ஏறியது. டிக், டிக் என்று இருந்தது டிக்டிக்டிக் என்று ஆனது. நான் உன்னைப் பார்க்கவில்லை, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் உடம்பு என்னை விட்டுப் போய்விட்டது. மறுபடியும் முயன்றேன், முடியவில்லை.

நீ சிரித்தாய். எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான், அதில் விஷம் கிடையாது, இப்போது தெரிகிறது. "என்னா மாமா, ஸ்டீம் எறங்கிப்போச்சா?" என்றாய்.

நான் எழுந்து போய் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். நீ கதவுக்கு வெளியே நின்று, "சும்மா சொன்னேன் மாமா, கோச்சுக்காத. பக்கத்துல படுத்துக்கினு இருந்தாலே போதும்" என்று சொன்னது கேட்டது. கேட்காத மாதிரி இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். அந்தக் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டேன்.

அதுவரைக்கும் நான் ஒரு கோயிலுக்கும் விழுந்து விழுந்து போனவன் இல்லை. திடீரென்று பக்திப் பழமாகிவிட்டேன். கார்த்திகைக்கு ஐயப்பன். பங்குனி உத்திரத்துக்கு முருகன். சித்திரையில் திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்பு. ஆடியில் கிருத்திகைக்கு ஒரு மாலை. புரட்டாசி முழுக்க விரதம். ஒன்றைக் கழற்றினால் அடுத்ததற்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஊரில் எந்த மனுஷனும் கேள்வி கேட்காத ஒரே வேலி அதுதான். பெண்டாட்டி பக்கத்தில் போகாதவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். அவனே கழுத்தில் மாலையோடு நின்றால் காலில் விழும்.

என்னை நீ "மாமா" என்று கூப்பிடக் கூடாது, "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். நான் உன்னை "அம்மா" என்று கூப்பிட்டேன். கட்டின பெண்டாட்டியை! "சாமி, காபி." "வைங்கம்மா." இப்படியே எத்தனை காலை போயிருக்கும். முதல் வருஷம் நீ அதையும் கேலி பண்ணினாய். சுவரில் காலண்டரைக் காட்டி, "எந்தெந்த மாசம் சாமி, எந்தெந்த மாசம் மாமான்னு ஒரு கோடு போட்டுக் குடுத்துடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ரத்தம் உறையாமல் இருக்க நீ சாப்பிட்ட மாத்திரையால் மாசத்தில் அந்த நாட்களில் உனக்கு ரொம்பப் போகும். எழுந்து நிற்கவே தலை சுற்றும். மாலை போட்ட வீட்டில் அந்தத் தீட்டு ஆகாது என்று அம்மா உன்னை அந்த ஐந்து நாளும் அண்ணாமலை நகரில் உன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. படுக்க வேண்டிய உடம்போடு பையைத் தூக்கிக்கொண்டு போவாய். நான் வாசலில் நின்று, "பாத்துப் போங்கம்மா" என்பேன்.

இரண்டாம் வருஷம் செக்கப்புக்குப் போனபோது புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார், சின்ன வயசு. நீ என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாய். பத்து நிமிஷம் கழித்து நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டாள். கறுப்பு வேட்டியோடு போய் உட்கார்ந்தேன்.

"இவங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி" என்றார் டாக்டரம்மா. "இவங்க இதயம் இப்ப நல்லா வேலை செய்யுது. ரெண்டு மாடி நிக்காம ஏறி, மூச்சு முட்டாம, நெஞ்சு வலிக்காம இருந்தாங்கன்னா நீங்க ரெண்டு பேரும் தாராளமா சேரலாம். கர்ப்பம் மட்டும் எங்களக் கேக்காம கூடாது, இந்த மாத்திரையோட அது ஆபத்து. அதுக்கு வழி சொல்லித் தர்றேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது பயம், கஷ்டம் இருக்கா? கூட இருக்கறவங்களுக்கும் வரும். நெறைய பேருக்கு வருது. சரி பண்ணிடலாம், சொல்லுங்க."

அவ்வளவு சுலபமாக ஒரு வாசல் எனக்கு வாழ்க்கையில் திறந்ததே இல்லை. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க மேடம்" என்றேன். "வண்டிய ரோட்டுல உட்டுட்டு வந்திருக்கேன், போலீஸ் தூக்கிடுவான்" என்று எழுந்து வந்துவிட்டேன். வண்டி ஆஸ்பத்திரிக்கு உள்ளே வேப்பமர நிழலில் பத்திரமாக இருந்தது. போலீசும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே உன் அக்கா வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாய். அந்தக் குவார்ட்டர்ஸில் அவர்கள் இரண்டாம் மாடி. கீழே என்னை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாய். மத்தியான வெயில். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னைப் பார்த்தாய். மேலே போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அவள் திறப்பதற்குள் இறங்கி வந்துவிட்டாய். என் முகத்துக்கு நேராக நின்று வாயைத் திறந்து மூச்சை ஊதினாய். இரைக்கவில்லை.

"பாத்துக்கோ" என்றாய். "வலி இல்ல. மூச்சு முட்டல. இன்னொரு வாட்டி ஏறிக் காட்டணுமா?"

முகம் சிவந்து, நெற்றியில் வியர்வையோடு, பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி நின்றாய். நான் உன் செருப்பைக் கீழே போட்டேன். "ரோட்ல நின்னு என்னா பேச்சு இது, மால போட்டிருக்கேன்ல" என்றேன். உன் அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி கதவத் தட்டிட்டு ஓடுனது?" என்று கத்தினாள். நீ குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாய்.

அப்போதும் நீ விடவில்லை. அந்தத் தை மாசம், நான் மாலையைக் கழற்றின வாரம், சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் நீயே போய் ஆணுறை வாங்கி வந்தாய். கடைக்காரன் உன்னை மேலும் கீழும் பார்த்தானாம். "எம் புருஷனுக்குத்தான், வேற யாருக்கும் இல்ல, குடுய்யா" என்று சொன்னாயாம். அதை என்னிடம் சொல்லும்போது உனக்குப் பெருமை. அந்தப் பெட்டியை என் கம்பெனிப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாய். நான் அதைக் கம்பெனியில் பார்த்தேன். ஷிப்ட் முடிந்ததும் சாம்பல் கொட்டுகிற இடத்தில் வீசிவிட்டேன். வீட்டுக்கு வந்து பங்குனி உத்திரத்துக்கு எழுபது நாள்தான் இருக்கிறது என்றும், இந்தத் தடவை நீண்ட விரதம் என்றும் அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் நீ அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாய். அம்மா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாய்.

"ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லு. என் நெஞ்சுல இருக்கற தழும்பப் பாத்தா உனக்கு அருவருப்பா இருக்கா?"

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். என்னிடம் இரண்டு பதில் இருந்தன. "எனக்கு முடியலடி, பயமா இருக்கு, அன்னிக்கு நீ சிரிச்சது இன்னும் குத்துது" என்பது ஒன்று. அது உண்மை. அதைச் சொன்னால் நான் ஆம்பளை இல்லை என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகும் என்று நினைத்தேன். இன்னொன்றைச் சொன்னால் அத்தோடு நீ கேட்பதை நிறுத்திவிடுவாய். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"ஆமா" என்றேன்.

நீ அழவில்லை. "சரி" என்றாய். மிச்ச வெங்காயத்தையும் அரிந்தாய். அன்று சாம்பாரில் உப்பு சரியாகவே இருந்தது.

அதற்கப்புறம் ஆறு வருஷம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்து வரைக்கும் மூடின ரவிக்கையாகத் தைத்துக்கொண்டாய். சித்திரை வெயிலிலும் நைட்டிக்கு மேல் துண்டு. பாப்பா பெரியவளாகி, "ஏம்மா இப்டி மூடிக்கிற, வேர்க்கல?" என்று கேட்டதற்கு, "குளுருதுடி" என்றாய். கேலி போயிற்று. காலண்டரைக் காட்டுவது போயிற்று. மாலை இல்லாத மாசங்களிலும் என்னைச் "சாமி" என்றே கூப்பிட ஆரம்பித்தாய். என் அம்மா அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள். கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், "எம் மவன் மாதிரி எவன் இருப்பான்? அவ உசுரக் காப்பாத்தணும்னு முனி மாதிரி இருக்கான்" என்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாய். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். கூச்சமே இல்லை எனக்கு. சில நாள் அதை நானே நம்பியும் இருக்கிறேன்.

உன் உயிரை நான் காப்பாற்றவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு உன் தழும்பை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

கடைசிக் கார்த்திகை. நம் வீட்டில் பூஜை வைத்திருந்தோம். அன்று பார்த்து உனக்கு நாள் வந்துவிட்டது. உன் வீட்டில் நடக்கிற பூஜைக்கு வாசலை மெழுகிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளைப் பாதியில் எழுப்பி, அம்மா பையைக் கையில் கொடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து போன் பண்ணினாய். வீடு நிறைய சாமிகள், சரண கோஷம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"சாமி, சிதம்பரத்துல பஸ் எறங்கறப்ப கால் வழுக்கிடுச்சு. தல கம்பியில இடிச்சுடுச்சு. ரத்தம்லாம் வரல, வீங்கியிருக்கு. தல வலி தாங்கல. தலையில அடிபட்டா ரத்தம் வரலன்னாலும் ஒடனே வரணும்னு டாக்டரு சொல்லியிருக்காங்கல்ல?"

"பூச ஆரம்பிச்சாச்சு. முடிச்சுட்டு நானே வண்டில வரேன், கூட்டிக்கினு போறேன். ஐஸ் வச்சுக்க" என்றேன்.

பூஜை முடிந்தது. அன்னதானம் நடந்தது. எண்பது பேருக்கு என் கையால் பரிமாறினேன். புண்ணியம். தலை வலி தானே, தூங்கினால் சரியாகிவிடும், காலையில் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

உன் அக்கா உன்னை அப்போதே ஆட்டோவில் அழைத்துப்போகக் கிளம்பினாளாம். நீதான் தடுத்தாயாம். "மாமா வரேன்னுட்டாரு" என்றாயாம். சாமி இல்லை, மாமா. அந்தத் தலைவலியோடு தலை சீவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாம். மாலை போட்டிருக்கும்போது அந்த நாட்களில் உன்னை வண்டியில் ஏற்றுகிறேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. விடியற்காலையில் அவள் எழுப்பினபோது நீ எழுந்திருக்கவில்லை. மாத்திரையால் ரத்தம் மண்டைக்குள் நிற்காமல் கசிந்திருக்கிறது என்றார்கள்.

ஐசியூ வாசலில் உன் அக்கா என் வேட்டி, மாலை, நெற்றிச் சந்தனம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

"உங்க சாமி வேஷத்தப் பாத்து ஊரு கன்னத்துல போட்டுக்கும், நான் போட்டுக்க மாட்டேன்" என்றாள். "அந்தத் தழும்ப அசிங்கம்னு நீங்க சொன்னதுலேர்ந்து அவ கண்ணாடி முன்னாடி நின்னு துணி மாத்துனதில்ல, தெரியுமா? நான் பாக்கறப்பகூடத் திரும்பிக்குவா. எங்கிட்ட! அவளக் குளிப்பாட்டி விட்டு வளத்தவகிட்ட!"

"அது பொய்யிக்கா" என்றேன். எப்படி வந்ததோ, வந்துவிட்டது. "எனக்குத்தான் முடியாமப் போச்சு. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு அவ மேல போட்டுட்டேன்."

அவள் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள். "காது கேக்கும், பேசுங்கன்னு நர்சு சொல்றாங்க. உள்ள போயி அவகிட்ட சொல்லிட்டு வாங்க தம்பி. இத மட்டுமாவது கேட்டுட்டுப் போவட்டும்."

உள்ளே ஐந்து நிமிஷம்தான் விட்டார்கள். உன் வாயில் குழாய். மிஷின் உனக்காக மூச்சு விட்டது. ஒயர் ஒட்டுவதற்காக உன் மார்பைத் திறந்து வைத்திருந்தார்கள், நீ ஆறு வருஷம் மூடி வைத்திருந்ததை. தழும்பு மெலிந்து, வெளுத்து, ஒரு நூல் மாதிரி ஆகியிருந்தது. நான் குனிந்து அதன் மேல் காது வைத்தேன். மாலை மணிகள் உன் தோலில் அழுந்தின. டிக், டிக் என்று உன் வால்வு நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல் மூடித் திறந்துகொண்டிருந்தது. எது நின்றுவிடும் என்று நான் உன்னைத் தொடாமல் இருந்தேனோ அது மட்டும்தான் உன்னிடத்தில் மிச்சம் இருந்தது.

சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஆண் நர்ஸ் திரும்பிப் பார்த்தான். இருபத்தைந்து வயது இருக்கும். என் மாலையைப் பார்த்து, மரியாதையாக, "பேசுங்க சாமி" என்றான்.

அவன் எதிரில் எப்படிச் சொல்வது?

"பாப்பா சாப்ட்டுட்டா" என்றேன் உன் காதில். "நீ ஒண்ணும் கவலப்படாத." நேரம் முடிந்தது என்றார்கள். வெளியே வந்தேன்.

உன் அக்கா ஓடி வந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "போதும் தம்பி. இனிமே அவ நிம்மதியாப் போவா. நான் உங்கள மன்னிச்சுட்டேன்" என்றாள். அடுத்த நாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

பாப்பா இப்போது ஒன்பதாம் வகுப்பு. லீவு விட்டால் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். உன் அக்கா போனில் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறாள். "கடைசி நேரத்துலயாவது உண்மையச் சொன்னீங்களே, அது எத்தன ஆம்பளைங்களால முடியும்?" என்று போன வாரம்கூடச் சொன்னாள். நான் "ம்" என்றேன்.